உதவி கூடணுமா, குறையணுமா?
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கொடுக்கும் உதவியைக் கூட்டணுமா, குறைக்கணுமா என்று உலகம் முழுக்கப் பேச்சு நடக்குது. 2025-ல் அமெரிக்கா தன் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டையே மூடிவிட்டது. “நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?”னு கேட்பீங்க. இருக்கு.

தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது 1989-ல், தருமபுரி மாவட்டத்தில். அதற்கு நிதி தந்தது ரோமில் இருக்கும் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம். பல நாடுகள் சேர்ந்து போட்ட பணம். அதுவும் இனாம் இல்லை, கடன். பிறகு 1997-98-ல் தமிழக அரசு தன் சொந்த நிதியில் ‘மகளிர் திட்டம்’ தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. நாம இன்னைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறது அந்த வழியில் வந்ததுதான்.

அந்தத் திட்டம் என்ன செய்தது? வாரா வாரம் சேமிக்க வைத்தது. தீர்மான நோட்டு எழுதப் பழக்கியது. வங்கிப் படியேறும் தைரியம் தந்தது. வெளிப்பணம் நின்றது, குழுக்கள் நிற்கவில்லை.

“நம்ம வீட்டிலேயே ஆயிரம் கஷ்டம், அடுத்தவனுக்கு எதுக்கு?” என்பது நியாயமான கேள்விதான். 2022-ல் இலங்கை மக்கள் தவித்தபோது நம் தமிழக அரசு 40,000 டன் அரிசியும், 500 டன் பால் பவுடரும், மருந்துகளும் தருவதாக அறிவித்து, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் அனுப்பத் தொடங்கியது. அதனால நம்ம வீட்டு உலை நின்னு போகலையே! பணக்கார நாடுகளிடம் ஐ.நா. 1970-லேயே கேட்டது, 100 ரூபாய் வருமானத்தில் 70 காசு. பெரும்பாலான நாடுகள் அதைக்கூடத் தருவதில்லை.

ஆகவே, கூட்டணும் என்பதே என் கருத்து. ஆனா ரெண்டு விஷயம். பசிக்குக் கொடுக்கும்போது கணக்குப் பார்க்கக் கூடாது. தொழிலுக்கும் வளர்ச்சிக்கும் கொடுக்கும்போது கணக்குப் பார்த்தே ஆகணும். வாங்குறவங்க சேமிப்பும் அதில் இருக்கணும். நிறுத்துவதானாலும் முன்கூட்டிச் சொல்லி, படிப்படியாக நிறுத்தணும். கறவை மாடு வாங்கச் சொல்லிட்டு, தீவனக் கடனைப் பாதியில் நிறுத்தினா குடும்பம் என்ன ஆகும்?

இன்னைக்கு நம்ம கூட்டமைப்பும் கொடுக்கும் இடத்துக்கு வந்திருக்கு. புதுசா வரும் குழுவுக்குக் கைகொடுக்கும்போது இதே நியாயத்தை நாமும் கடைப்பிடிப்போம்.