சுடரும் மூச்சும் சுண்ணமும்

(மகாவீரர் முத்தித் திருநாளாகிய தீபாவளி விழாவில், திருவண்ணாமலையில் ஆற்றிய உரை)

 

பகவான் மகாவீரர் முத்தி எய்திய நாளை விளக்கேற்றிப் போற்றுகின்றோம். அவ்விளக்கினுள் நிகழ்வதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். திரியில் ஏறிய எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி எரிகின்றது. வெப்பமும் ஒளியும் தோன்றுகின்றன. கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறுகின்றன. நாம் உண்ட உணவும் உடலினுள் உயிர்வளியோடு கூடி, அவ்விரண்டையுமே மூச்சின் வழியே வெளிவிடுகின்றது. மூச்சு என்பது மெல்ல நிகழும் எரிதலே என்று பிரான்சு நாட்டு அறிஞர் லவாசியே 1780களில் ஆய்ந்து காட்டினார். சுடருக்குக் கடும் வெப்பம் வேண்டும். உடலோ 37 பாகை செல்சியசில், நொதிகளின் துணைகொண்டு, அதனைப் படிப்படியாக நிகழ்த்துகின்றது.

நம் முன்னோர் உயிரென்றும் உயிரல்லதென்றும் பொருள்களைப் பகுத்தபோது, உடலைப் புற்கலமாகவே கொண்டனர். ஆன்மாவைப் பற்றி வேதியியல் பேசுவதில்லை. ஆனால் உடலுக்கும் கல்லுக்கும் வேதிவிதி ஒன்றே என்கின்றது.

சுண்ணாம்பைக் காணுங்கள். தொல்காப்பியம் ஈரறிவுயிராக வைத்த சிப்பியினம், நீரில் கரைந்துள்ள சுண்ணச்சத்தைக் கொண்டு தன் ஓட்டைக் கட்டுகின்றது. அவ்வோடும் மலையிலுள்ள சுண்ணக்கல்லும் ஒரே பொருள். அதனைக் காளவாயில் சுட்டால், 100 கிராமில் 44 கிராம் கரியமில வாயுவாகப் பிரிந்துபோகும். எஞ்சுவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. நீரூற்றித் தாளித்துச் சுவரில் பூசினால், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகின்றது. சுண்ணச் சுவர் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகுவது இதனாலேயே.

போளூருக்கு அருகிலுள்ள நம் திருமலையில், இராசராசனின் தமக்கை பெயர் தாங்கிய குந்தவை ஜினாலயத்தையும் 16 அடி உயர நேமிநாதர் திருவுருவையும் தரிசிக்காதவர் இங்கு இலர். அங்குள்ள குகையறைகளில், சுதை பூசிய பரப்பின்மீது முன்னோர் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. பல இடங்களில் அவை உதிர்ந்தும் மங்கியும் போயின.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். இருளில் ஓவியம் தெளிவாகத் தெரியவில்லை. எண்ணெய் விளக்கொன்றைக் கூரைக்கு அருகே உயர்த்திப் பிடித்து, நெடுநேரம் விளக்கம் கூறினேன். அன்று என் மனத்தில் பெருமிதமே இருந்தது. இன்று அந்நினைவு உறுத்துகின்றது.

விளக்கின் கரி ஓவியத்தின்மேல் படியும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு வெளிக்காற்றில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. அடைபட்ட அறையில் சுவர் ஈரம் பூத்தால், அவ்வாயு நீரில் கரைந்து மென்மையான அமிலமாகிச் சுண்ணத்தை அரிக்கும்; உலருங்கால் வண்ணத்தின்மேல் வெண்படலமாகப் படியும். சுவரைக் கல்லாக்கிய அதே வாயு, ஈரத்தோடு மிகும்போது அதனைக் கரைத்துவிடுகின்றது. பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகை 1940இல் கண்டறியப்பட்டது. பார்க்க வந்தோரின் மூச்சாலேயே அதன் ஓவியங்கள் கெடக் கண்டு, 1963இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டனர்.

ஆதலின் உங்களிடம் ஒரு வேண்டுகோள். திருமலையில் விளக்கையும் கற்பூரத்தையும் ஓவிய அறைகளுக்கு வெளியே ஏற்றுவோம். உள்ளே சிலர் சிலராகச் செல்வோம், சுவரைத் தொடாதிருப்போம், கண்டதும் வெளியே வந்துவிடுவோம். நீரை வடிகட்டிப் பருகியும் பொழுது சாயுமுன் உண்டும், கண்ணுக்குப் புலப்படாத உயிர்களுக்கும் ஊறு நேராமல் வாழப் பழகியவர்கள் நாம். கண்ணுக்குப் புலப்படாத நம் மூச்சையும் அவ்வாறே காத்துக்கொள்ளுதல் நமக்கு அரிதன்று.