சுடுநீர்க் கருவியை அறிவோம்



தோட்டத்து லயங்களில் விறகடுப்பில் வெந்நீர் காய்ச்சிக் குளித்த நாள்களை நம்மில் பலர் அறிவோம். இன்று குளியலறைச் சுவரில் மாட்டிய சிறு பெட்டி அவ்வேலையைச் செய்கிறது. அது எப்படி இயங்குகிறது?

குழாயைத் திறந்ததும் நீரோட்டம் உள்ளே ஒரு விசையைத் தள்ளுகிறது. உடனே சூடேற்றும் சுருளில் மின்சாரம் பாய்கிறது. 3.6 கிலோவாட் கருவியில் நிமிடத்திற்கு 3 லிட்டர் நீர் ஓடினால் வெப்பநிலை ஏறக்குறைய 17 பாகை உயரும். 6 லிட்டர் ஓடினால் அதில் பாதிதான். ஆகவே, சூடு போதவில்லையென்றால் முதலில் நீரைச் சற்றுக் குறையுங்கள். சூடே இல்லையா? நீரோட்டம் மெலிந்து, விசை இயங்காதிருக்கலாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, நீர் நுழையுமிடத்து வடிகட்டியில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால், நீர் பட்டதும் உடல் சுருக்கென்றால் அது மின்கசிவு. அங்கே நம் கைவேலை கூடாது. எதையும் தொடாமல் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு முதன்மை விசையை அணையுங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

மலேசியாவில் இக்கருவிக்கு, 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசை வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விசை விழ வேண்டும். விழாவிட்டால், பழுது நீங்கும்வரை வெந்நீர்க் குளியல் வேண்டாம். அடிக்கடி விழுகிறதென்று அவ்விசையையே கழற்றிவிடுவோர் உண்டு. குரைக்கும் நாயை விரட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவு திறப்பதைப் போன்றது அது.