நாமினி போட்டாச்சு, உயில் எதற்கு?

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னபோது, "நான் வக்கீல் இல்லையே சார், பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன்" என்றேன். "அதனால்தான் கூப்பிடுகிறேன், கவுண்டரில் பார்த்ததைச் சொல்லுங்கள்" என்றார். கவுண்டரில் பார்த்ததோடு என் வீட்டில் பார்த்ததையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நாமினி போட்டவர்கள் கை தூக்குங்கள். ஏறக்குறைய எல்லாருமே. சந்தோஷம். உயில் எழுதியவர்கள்? மூன்று கைதான் தெரிகிறது. சில வருஷம் முன்புவரை நானும் தூக்காதவர்கள் பக்கம்தான்.

நாமினி என்றால் யார்? நீங்கள் போன பிறகு வங்கி யார் கையில் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைக்கிற ஆள். கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. அதற்காக அந்தப் பணம் நாமினிக்கே சொந்தம் என்று ஆகிவிடாது. வாங்கி, வாரிசுகளுக்குச் சேர்க்க வேண்டியவர் அவர். கம்பெனி ஷேர்களுக்கும் இதே கதைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், இவருக்கு இத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் போட முடியும். நல்ல வசதி, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் நாமினி நாமினிதான், உயில் ஆகாது. அதைவிட முக்கியம், நாம் பத்திரம் பதிந்து வாங்கியிருக்கும் இந்த ஃபிளாட்டுக்கு நாமினி என்ற ஏற்பாடே கிடையாது.

இப்போது என் வீட்டுக் கதை.

என் அண்ணாவுக்குத் திருச்சியில் ஒரு ஃபிளாட். பத்திரம் அவர் பெயரில் மட்டும். அறுபத்து நான்கு வயதில் மாரடைப்பில் போய்விட்டார். டெபாசிட்டுக்கெல்லாம் அண்ணி நாமினி, பணம் சீக்கிரமே வந்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டு மகள் பக்கத்தில் போய்க் குடியேறலாம் என்று அண்ணி நினைத்தார். விலை 60 லட்சம் பேசி, ஒருவர் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்.

தாசில்தார் தந்த வாரிசு சான்றிதழில் நான்கு பெயர்கள். அண்ணி, மகன், மகள், நான்காவதாக எங்கள் அம்மா. இது பலருக்குத் தெரியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் எழுதாமல் ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகை வாரிசு. எல்லாருக்கும் சம பங்கு. ஆக அம்மாவுக்குக் கால் பங்கு, 15 லட்சம்.

அம்மாவுக்கு அப்போது எண்பத்தேழு வயது, படுத்த படுக்கை. "எனக்கெதுக்குடா அவன் வீடு, அவளுக்கே எழுதிக் கொடுத்துடறேன்" என்றார். பத்திரம் தயார் செய்வதற்குள் அவரும் போய்விட்டார்.

அம்மாவும் உயில் எழுதவில்லை. அந்தக் கால் பங்கு மூன்றாகப் பிரிந்தது. எனக்கு ஒன்று, என் தங்கைக்கு ஒன்று, அண்ணாவின் பிள்ளைகளுக்கு ஒன்று. கேளுங்கள், என் அண்ணி குடியிருக்கும் வீட்டில் எனக்கு 5 லட்சத்துக்குப் பங்கு! நான் கேட்கவும் இல்லை, எனக்கு வேண்டவும் இல்லை. நான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என் தங்கை கெட்டவள் இல்லை. மறுக்கவும் இல்லை. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேண்ணா" என்றாள். அவள் மகனுக்கு அப்போதுதான் கல்லூரியில் சேரும் நேரம், மாப்பிள்ளைக்கும் வேலை சரியாக இல்லை. 5 லட்சம் அவளுக்குச் சின்னத் தொகையா? யோசித்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வீடு வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் அவளும் கையெழுத்துப் போட்டாள், வேறு ஒருவருக்கு வீடும் விற்றது. ஆனால் அண்ணி இன்றுவரை என் தங்கையோடு பேசுவதில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் ஒருவர் வந்தால் மற்றவர் வருவதில்லை.

இதில் என் தப்பும் உண்டு. அண்ணாவின் டெபாசிட்டுகளுக்கெல்லாம் டிஏ-1 படிவத்தை என் கையால் நிரப்பிக் கொடுத்தவன் நான். "வீட்டுக்கு ஒரு உயில் எழுதிடுங்கண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அபசகுனமாகப் படுமோ, தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அதன் பிறகு நானும் என் மனைவியும் ஒரு வக்கீலைப் பார்த்தோம். உயிலை வெள்ளைத் தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. பிறகு வக்கீல் எதற்கு? நமக்குத் தோன்றாத கேள்விகளை அவர் கேட்பார். எங்களிடம் கேட்டதைச் சொல்கிறேன்.

ஒன்று, "இது உங்கள் சம்பாத்தியமா, பூர்வீகமா?" பூர்வீகச் சொத்தில் நம் பங்கை மட்டும்தான் எழுத முடியும்.

இரண்டு, "ஃபிளாட் இரண்டு பேர் பெயரிலா?" அப்படி இருந்தால் மொத்தமும் தானாக மற்றவருக்குப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகளுக்குத்தான் போகும். அதனால் கணவனும் மனைவியும் தனித்தனி உயில் எழுத வேண்டும்.

மூன்று, "மனைவிக்கு முழு உரிமையா, ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமா?" ஆயுள் உரிமை மட்டும் என்றால் அவசரத்துக்கு அவரால் வீட்டை விற்க முடியாது. ஒரு வரியில் வருகிற வித்தியாசம்.

நான்கு, "எழுதாமல் விட்டுப்போன சொத்து யாருக்கு?" அதற்கும் ஒரு வரி சேர்த்தார்.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பிள்ளை இல்லாத இந்துப் பெண், கணவருக்குப் பின் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தும் முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். பெற்ற தாய் தகப்பனுக்கு அதன் பிறகுதான். மற்ற மதத்தினருக்குச் சட்டம் வேறு. இஸ்லாமியர்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். நம்மைவிட இளையவர்களாக, உயிலில் பங்கு பெறாதவர்களாக இருக்கட்டும். பின்னால் வழக்கு என்று வந்தால் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். வயது அதிகமாக இருந்தால் அன்றைய தேதியில் ஒரு டாக்டர் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்துவிடுங்கள். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசி உயில்தான் செல்லும்.

"இப்போதே பிள்ளை பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறீர்கள். அது பதிந்த அன்றே கைமாறிவிடும். அப்படிக் கொடுப்பதானால், "எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காவிட்டால் 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி அதை ரத்து செய்யக் கேட்க அது கை கொடுக்கும். அதேபோல், வெளிநாட்டிலிருக்கும் மகன் கையில் பவர் பத்திரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கொடுத்தவர் இறந்த நிமிஷமே பவர் செல்லாது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் வங்கிக் கணக்கு, டெபாசிட், லாக்கர், இன்ஷூரன்ஸ், ஷேர், பத்திரங்கள், கடன் எல்லாவற்றையும் எழுதுங்கள். எது எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பத்து வருஷம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். வாரிசுகள் உத்கம் தளத்தில் தேடி, வங்கியில் கேட்டு வாங்கலாம்தான், அப்படி ஒரு கணக்கு இருந்தது தெரிந்தால்! அந்தத் தாளையும் வீட்டுப் பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். கட்டணத்தை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, யாருக்கு என்ன, ஏன் என்பதைப் பிள்ளைகளிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் என் மகனையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னேன். மகள், "ஏம்பா இப்போ இதெல்லாம்?" என்று கண் கலங்கினாள். பிறகு தானே எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். அண்ணா வீட்டிலும் இப்படி ஒரு சாயங்காலம் நடந்திருக்கலாம்.

அடுத்த சந்திப்பில் மறுபடியும் கை தூக்கச் சொல்வேன்.