சங்கத்தின் தளப்பெயர்

 

இணையத்தில் நம் சங்கத்திற்கு மீண்டும் ஒரு தளம் அமைக்கக் கருதினோம். அதற்கிடும் பெயர், ஒருமுறை கேட்டாரும் பிழையின்றி எழுதத்தக்கதாய்ச் சுருங்கியிருத்தல் வேண்டும். 1985ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ‘.காம்’ என முடியும் முதற்பெயர் பதிவாயிற்று. இன்றோ தமிழெழுத்தில் ‘.இந்தியா’ என முடியும் பெயரும் பெறலாம்.

இப்பெயர் வாடகை மனை போல்வது. தவணை தவறின் பிறர் கைப்படும். முன்னர் ஓரன்பர் ஆர்வத்தால் தம் பெயரிற் பதிந்ததை, அவர் மறைந்தபின் புதுப்பிப்பாரின்றி இழந்தோம். ஆதலின் இம்முறை சங்கத்தின் பெயரிலேயே பதிதல் கடன்.

தளத்திற்கு வருவோரை எண்ணுங்கால், நூறு வருகையை நூறு மாந்தர் எனக் கொள்ளற்க. ஒருவரே பன்முறை வருவர், தேடுபொறிகளின் தானியங்கிகளும் வரும். எண்ணிக்கை போதும், இன்னார் வந்தார், இன்னது படித்தார் என ஒற்றாடுதல் உறவினராகிய நமக்குத் தகாது.