வளராத பிள்ளைகளும் ஒரு கணக்கும்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சகேயு மரத்தில் ஏறிய சம்பவத்தைப் பிரசங்கிக்கும்போது சபையில் சிறு சிரிப்பு எழும்பும். வளராத பிள்ளையைப் பெற்ற தாய் சிரிக்கமாட்டாள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கமிருந்து, ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் தாய்மார் அப்படிப்பட்ட பிள்ளைகளோடு வருகிறார்கள். "டேனரித் தண்ணீராலா, ஐயா?" என்று கேட்பார்கள். டாக்டர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

குள்ளமான பிள்ளைகள் எல்லாருக்கும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி தேவையில்லை. சிலருக்கு நல்ல ஆகாரம் போதும். சிலருக்குத் தைராய்டு மாத்திரை போதும், அது மலிவு. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி சரியாகச் சுரக்காத பிள்ளைக்கே முக்கியமாக இந்த ஊசி. முன்பு இறந்தவர்களின் சுரப்பியிலிருந்து இம்மருந்தை எடுத்தார்கள். அதனால் சிலருக்குக் கொடிய மூளைநோய் வந்ததாக 1985-ல் தெரியவந்தது. அதன்பின் ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கிறார்கள். பயம் நீங்கியது, விலை ஏழைக்கு எட்டவில்லை.

ஆகவே, யார் எவ்வளவு வளர்வார் என்று முன்கூட்டியே அறிய வேண்டியிருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் ராங்கேயும் உடன் மருத்துவர்களும் 1999-ல் இதற்கொரு கணக்கை வெளியிட்டார்கள். பரிசோதனையில் ஹார்மோன் எவ்வளவு சுரந்தது, வயது, பிறந்தபோது இருந்த எடை, இப்போதைய எடை, பெற்றோரின் உயரத்துக்கும் பிள்ளையின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம், மருந்தின் அளவு ஆகியவை அதில் சேரும். சுரப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்றாகப் பிள்ளை வளருமாம்! சிறு வயதில் தொடங்கினாலும் அப்படியே. ஆண்டுக்கு 4 செ.மீ. கூட வளராதிருந்த பிள்ளைகளில் பலர் முதல் ஆண்டிலேயே 8 செ.மீ.க்கு மேல் வளர்கிறார்கள். எலும்பின் நுனிகள் மூடிக்கொண்டபின் எவ்வளவு ஊசி போட்டும் உயரம் கூடாது.

ஆனால், பிள்ளைகளுக்குள் காணும் வித்தியாசத்தில் 100-க்கு ஏறக்குறைய 60 பங்கைத்தான் அந்தக் கணக்கு விளக்குகிறது. மீதி விளங்கவில்லை. ஆகையால், தர்ம நிதியில் பணம் குறைவு என்பதற்காக, கணக்கை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஓராண்டு கொடுத்து, அளந்து பார்த்துத் தீர்மானிப்பதே நியாயம்.

ஊசி தினமும் இரவில் போட வேண்டும். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். ஒரு தாய் அடுத்த வீட்டு பாய் வீட்டுப் பிரிட்ஜில் வைத்துக்கொள்கிறாள். அந்த வீட்டம்மா முட்டைக்குப் பக்கத்தில் அதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்.

பாதியில் நிறுத்தினால் பிள்ளை மறுபடியும் பின்தங்கிவிடும். ஆகவே, கிறிஸ்துமஸ் காணிக்கையாக ஒருமுறை தராமல், ஒரு பிள்ளைக்கென்று மாதந்தோறும் தர வாக்களியுங்கள். ஆண்டு முடிவில் எத்தனை செ.மீ. வளர்ந்தது என்று உங்களுக்கு எழுதுவோம். குறைவாயிருந்தாலும் எழுதுவோம்.