மரத்த தோலும் மருந்தை உண்ணும்

(பொழிவின் எழுத்து வடிவம்)



நோவு மாந்தனுக்குப் பகையன்று, காவலன். முள் தைத்த காலைத் தூக்கச் செய்வதும், கொதிக்கும் கலத்தைத் தொட்ட கையை இழுக்கச் செய்வதும் அதுவே. ஆயினும் ஊசி குத்தும்போதும் புண்ணைத் தைக்கும்போதும் அக்காவலனைச் சிறிது பொழுது உறங்கவைக்க வேண்டியுள்ளது. அதற்கென அமைந்தவையே மரப்பு மருந்துகள். அளவறியாதார் கையில் அவை உயிருக்கே உலை வைக்கும்.

1884-ஆம் ஆண்டுக்கு முன்னர்க் கண்ணறுவை பெருங்கொடுமையாக இருந்தது. அவ்வாண்டில் வியன்னா நகரின் இளமருத்துவர் கார்ல் கோலர், தென்னமெரிக்கக் கோக்கா இலையினின்று பிரித்தெடுத்த கோக்கெயின் நாவை மரக்கச் செய்வதைக் கருத்திற்கொண்டார். அதன் கரைசலைத் தவளையின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலுமே இட்டு, குண்டூசித் தலையால் விழியைத் தொட்டுப் பார்த்தார், உணர்வில்லை. செருமனியின் ஐடல்பெர்க்கு நகரில் கூடிய கண்மருத்துவர் மாநாட்டுக்குச் செல்ல அவரிடம் பொருளில்லை. மற்றொருவரே அவர்தம் கட்டுரையைப் படித்தார். அச்சிறு கட்டுரை அறுவை மருத்துவத்தையே மாற்றியது.

ஆனால், கோக்கெயின் மாந்தனை அடிமைப்படுத்தும் நஞ்சு. ஆகலின் தீங்கு குறைந்த மருந்தைத் தேடினர். 1943-இல் சுவீடன் நாட்டு நீல்சு லோப்கிரென் லிடோகெயினை ஆக்கினார். லிக்னோகெயின் என மருந்துக் கடைகளில் வழங்குவதும் அதுவே.

அஃது உணர்வை எவ்வாறு அடக்குகிறது? நரம்பிழையின் சுவரில் நுண்ணிய வாயில்கள் உள. நோவு தோன்றுங்கால் அவை திறக்க, சோடியத்தின் மின்னூட்டத் துகள்கள் உட்புகும். அதனால் எழும் மின்துடிப்பு மூளைக்கு ஓடும். மருந்தோ நரம்பினுட் புகுந்து, உள்ளிருந்தே அவ்வாயிலை அடைக்கிறது. செய்தி செல்லாமையின் மூளை நோவை அறிவதில்லை. மருந்து குருதியிற் கலந்து அகன்றபின் வாயில் மீண்டும் திறக்கும்.

வாயின் மென்படலத்தில் சில மணித்துளிகளில் மரப்புத் தோன்றும். தோலின் உலர்ந்த மேலடுக்கோ மருந்தைத் தடுக்கும். லிடோகெயினும் பிரிலோகெயினும் வகைக்கு 2.5 விழுக்காடு கலந்த களிம்பு தோலில் பயன்தர ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். அதுவரை பொறாது மேன்மேலும் அப்புவதே முதற்பிழை.

அமெரிக்காவில் ஒளிக்கதிரால் முடி நீக்கிக்கொள்ள முனைந்த இளம்பெண்டிர் இருவர், மிகுவலிமையுள்ள மரப்புக் களிம்பைக் கால்களிற் பூசி, நெகிழித் தாளாற் சுற்றிக்கொண்டனர். இருவர்க்கும் வலிப்புக் கண்டது, நினைவிழந்து மாண்டனர். அந்நாட்டு உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் இதனைச் சுட்டி எச்சரித்தது. மரத்த தோலும் மருந்தை உண்டுகொண்டே இருக்கிறது. வலிமையும் பரப்பும் நேரமும் மூடலும் சூடும் மிகுந்தால் குருதியிற் சேரும் மருந்தும் மிகும். நரம்பின் வாயிலை அடைத்த அம்மருந்தே மூளையையும் நெஞ்சாங்குலையையும் தாக்கும்.

ஆகவே, மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன அளவே பூசுக. புண்பட்ட தோலில் தாமாகப் பூசற்க. மருத்துவர் சொல்லாமல் மூடிக் கட்டற்க, சூடு வைக்கற்க. கண்ணை மரக்கச் செய்யும் துளிமருந்தை வீட்டில் வைத்து இட்டுக்கொள்ளற்க. அது கருவிழிப் புண்ணை ஆறவொட்டாது. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் பென்சோகெயின் தடவற்க. அது குருதியின் இரும்புக் கூற்றை மாற்றி, உயிர்வளியைச் சுமக்கவொட்டாமற் செய்துவிடலாம். உதடு நீலம் பாரிக்கும். இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தைகட்கு அஃது ஆகாதென 2018-இல் அவ்வமைப்பே அறிவித்தது. பூசியபின் வாயைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல், தலைச்சுற்றல், தசைத்துடிப்பு தோன்றின் உடனே களிம்பைத் துடைத்து மருத்துவமனைக்கு விரைக.

மருந்துக் குழலின்மேல் இவ்வெச்சரிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நுண்ணெழுத்தில் உள்ளன. அதை வாங்கும் தாய்க்கோ தமிழே தெரியும். உயிர்காக்கும் சொல், அவ்வுயிர்க்குரியார் அறிந்த மொழியில் இருத்தல் வேண்டும். அந்நிலை வருமளவும், இங்குக் கேட்டறிந்தோர் கேளாதார்க்கு எடுத்துச் சொல்லுதல் கடன். நோவு உறங்குங்கால் அறிவு விழித்திருக்கட்டும்!