கருப்பட்டியும் கைப்பேசியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நாம், ஊரிலுள்ள பெற்றோரின் நலத்தைக் கைப்பேசி வழியாகவே பேண முயல்கின்றோம். அவ்வன்பினாலேயே விளைந்த ஒரு தீங்கினை இங்கு மறையாது கூற விரும்புகின்றோம்.

"கருப்பட்டி நீரிழிவைப் போக்கும்" என்றொரு செய்தி வாட்ஸப்பில் வந்தது. மகிழ்ந்து அதனை எம் அன்னையாருக்கு அனுப்பினோம். பிள்ளைகள் அனுப்பியது பொய்யாகுமா என்று நம்பிய அவர், கருப்பட்டிக் காப்பியை நாளும் மும்முறை அருந்தி, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். சில வாரங்களில் அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. மருத்துவர்களின் திறமையால் நலம் பெற்றார். செய்தியைப் புனைந்தவர் எவரோ. அதனை அன்னையாரிடம் சேர்ப்பித்தவர்கள் யாமே அன்றோ?

உண்மை யாது? கருப்பட்டியும் வெல்லமும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் சர்க்கரையே. தாதுப் பொருள்கள் சிறிதளவு உண்டெனினும், குருதியிலுள்ள சர்க்கரையை அவையும் ஏற்றவே செய்யும்.

இத்தகைய செய்திகளை இனங்காண மூன்று வினாக்கள் துணைபுரியும். முதலாவது, ஓர் உணவு நோயைத் தீர்க்கும் என்கின்றதா? தனி அனுமதியின்றி உணவுப் பொருளுக்கு அவ்வாறு விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிகளே தடுக்கின்றன. இரண்டாவது, மெய்யைக் கொண்டே மயக்குகின்றதா? கடலை எண்ணெயில் கொலஸ்டிரால் இல்லை என்பது மெய்யே. ஆனால் அது விலங்குணவுகளில் காணப்படுவது. தாவர எண்ணெய் எதிலுமே பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை. கிராமுக்கு 9 கலோரி என்பதோ எல்லா எண்ணெய்க்கும் பொது. மூன்றாவது, பெயரே பெருமை பேசுகின்றதா? 'ஆரோக்கிய பானம்' என்பதற்குச் சட்டத்தில் விளக்கமே இல்லை. ஆதலின் பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை அப்பெயரில் விற்கலாகாதென உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் இணைய வணிகர்க்கு அறிவுறுத்தியது.

அன்பர்களே! நம் சங்கத்தின் வாட்ஸப் குழுவிலும் இத்தகைய செய்திகள் நாள்தோறும் உலவுகின்றன. அனுப்புமுன் ஒரு கணம் தயங்குவோமாக. மருந்தை நிறுத்தச் சொல்லும் எதனையும் மருத்துவரைக் கேளாது ஏற்க வேண்டா. ஐயம் எழுந்தவிடத்து அனுப்பாது விடுவதும் பெற்றோர்க்கு நாம் செய்யும் தொண்டே ஆகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!